லாரிக் கணக்கில் புனே

சேலம், செவ்வாய்ப்பேட்டை

மாப்பிள்ளையின் கார் சேலத்தை விட்டுக் கிளம்பியபோது விடியற்காலை நாலு மணி. உள்ளே மாப்பிள்ளை, தங்கை, அவள் மகள், ஒரு தூக்குவாளி நிறைய புளிசாதம். அன்று நள்ளிரவுக்குள் புனே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம்தான். மகாராஷ்டிரத்தில் ஜூன் நடுவில் பள்ளிக்கூடம் திறந்துவிடும், அதற்குள் குடியேறியாக வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு.

பீரோ, கட்டில், கிரைண்டர், அம்மா சீராகக் கொடுத்த பித்தளை அண்டா எல்லாம் லாரியில் போயின. அவற்றோடு நானும் போனேன். சாமானுக்கு உரியவரோ அவர் சார்பில் ஒருவரோ சரக்கு வண்டியின் கேபினில் உட்கார்ந்து போகலாம். 1994-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அவரையும் இன்சூரன்ஸுக்குள் சேர்த்திருக்கிறது. "கார்ல இடம் இருக்கறப்ப எதுக்குண்ணா இந்த வேலை?" என்று தங்கை கேட்டாள். ஒரே சாலை, ஒரே ஊர். காருக்கு ஒரு பகல் போதும் என்றால் லாரிக்கு ஏன் அத்தனை நாள் ஆகிறது என்பதை உள்ளே உட்கார்ந்தே பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

காலை ஒன்பது மணிக்குத் தங்கை தும்கூர்ப் பக்கம் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் லாரி அப்போதுதான் வீட்டுத் தெருவுக்குள் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது.

வீட்டுச் சாமான் இடத்தை அடைக்கும், எடை இருக்காது. ஒரு குடும்பத்தின் மொத்த உடைமையும் லாரியின் பாதியைக்கூட நிரப்பவில்லை. மீதிப் பாதியைக் காலியாக ஓட்டினால் டீசல் காசு தேறாது. அதனால் புக்கிங் ஆபீஸில் முன்பே பேசி வைத்திருந்தார்கள்: பின்பாதியில் கோலாப்பூருக்கு ஜவ்வரிசி. கோலாப்பூர் புனேவுக்கு முன்னால் வருகிற ஊர். முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். ஆகவே பீரோவும் கட்டிலும் கேபினை ஒட்டி உள்ளே போய்விட்டன. அவற்றை மறித்து மூட்டைகள் அடுக்கப்பட்டன. கோலாப்பூரில் அந்த மூட்டைகள் இறங்காமல் தங்கைக்குக் கட்டில் கிடைக்காது என்பது சேலத்திலேயே முடிவாகிவிட்டது.

சேலத்து ஜவ்வரிசிக்குத் தமிழ்நாட்டு வாயைவிட மகாராஷ்டிரத்து வாய்தான் பெரிது. நமக்கு அது பாயசம், வடாம். அவர்களுக்கு விரத நாள் உணவு. ஏகாதசி, சிவராத்திரி, நவராத்திரி என்று வந்தால் அரிசியும் கோதுமையும் ஒதுங்கிக்கொள்ள, ஜவ்வரிசிதான் அடுப்பில் ஏறும். ஆஷாட ஏகாதசி நெருங்கும் மாதங்களில் செவ்வாய்ப்பேட்டை மண்டிகளில் வடக்கே போகும் லோடு கூடும். 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இந்த வியாபாரத்தின் நடுவில் இருக்கிறது; 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

லோடுமேன்கள் மூட்டை அடுக்கி முடிக்க மாலையாகிவிட்டது. பிறகு தார்ப்பாய், அதன்மேல் கயிறு. டிரைவர் சங்ககிரிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். நாமக்கல்லில் பாடி கட்டி, சங்ககிரியில் வண்டி வாங்கி, திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் ஓட்டுகிற பகுதியில் பிறந்தவருக்கு இந்தத் தொழில் விளக்கிச் சொல்ல வேண்டியதல்ல. கயிற்றைக் காலால் உதைத்து இழுத்து முடிச்சுப் போட்டவர், தார்ப்பாயின் ஓரத்தை இன்னொரு தடவை மடித்துச் செருகினார். "பெல்காம் தாண்டினா மழை தம்பி. ஜவ்வரிசி நனைஞ்சா கூழு. உங்க மெத்தை நனைஞ்சாலும் அதேதானுங்க."

நாங்கள் சேலத்தை விட்டபோது தங்கையின் கார் சதாராவைத் தாண்டியிருந்தது.

தொப்பூர்

ஓமலூரிலேயே முதல் நிறுத்தம். பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓடியதும் சரக்கு குலுங்கி அமரும், கயிறு தளரும். கிளீனர் பையன் இறங்கி, இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தான். காற்று சரியாக இருக்கும் டயருக்கு ஒரு சத்தம், இறங்கிய டயருக்கு வேறு சத்தம். இரட்டைச் சக்கரத்தில் உள் டயர் பஞ்சரானால் கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் ஓட்டினால் பக்கத்து டயர் இரட்டைப் பாரம் தாங்கிச் சூடேறி வெடிக்கும். ஆகவே நூறு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தித் தட்டியாக வேண்டும்.

ஓமலூரை விட்டதும் சாலை தலை நிமிர்த்தத் தொடங்கியது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. பெங்களூர் 900 மீட்டருக்கு மேல். இடையில் உள்ள அந்த 600 மீட்டரைத் தொப்பூரிலும் பிறகு ஓசூர் வரையிலும் லாரி இஞ்சின்தான் தூக்கி வைக்க வேண்டும். காரில் போகும்போது இந்த ஏற்றம் எனக்கு உறைத்ததே இல்லை. லாரியில் கியர் ஒவ்வொன்றாக இறங்கிற்று. ஐந்து, நான்கு, மூன்று. ஸ்பீடோமீட்டர் முள் இருபதைத் தொட்டு நின்றது. இடப்பக்க ஓரத்தில் எங்களுக்கு முன்னும் பின்னும் லாரிகள் அதே வேகத்தில் ஊர்ந்தன. வலப்பக்கம் கார்கள் சர்சர்ரென்று போய்க்கொண்டிருந்தன.

வண்டி முகப்பில் 1618 என்று எழுதியிருந்தது. இந்தியாவில் ஓடும் பல லாரி மாடல்களில் இந்த நான்கு இலக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு: முதல் இரண்டு மொத்த எடை, டன்னில், அடுத்த இரண்டைப் பத்தால் பெருக்கினால் குதிரைத்திறன். அதாவது 16 டன்னை இழுக்க 180 குதிரை. முழுப் பாரத்தில் ஒரு டன்னுக்குப் பதினோரு குதிரை என்று வருகிறது. ஆள் ஏறிய சின்னக் கார் ஒன்றரை டன்னைத் தாண்டாது. அதற்கு எண்பது, தொண்ணூறு குதிரை. டன்னுக்குக் கிட்டத்தட்ட அறுபது. மேட்டில் கார் பறப்பதும் லாரி முனகுவதும் இந்த ஒரு வகுத்தலில் அடங்கிவிடுகிறது. இது போதாதென்று 2018-ல் மத்திய அரசு இரண்டு அச்சு லாரிகளுக்கான எடை வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. பழைய வண்டிகளின் குதிரைகள் அப்படியேதான் இருந்தன.

எதிர்த் திசையில், தருமபுரியிலிருந்து இறங்கும் பக்கம், மலையை வெட்டிய வளைவுகளில் எச்சரிக்கை விளக்குகள் மினுமினுத்தன. தொப்பூர் விபத்து என்று நாம் நாளிதழில் படிப்பதில் பெரும்பாலானவை அந்த இறக்கத்தில் நடப்பவை. இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டால் வண்டி தானாக உருளும். கொஞ்சம் டீசல் மிச்சம், சில நிமிடமும் மிச்சம். ஆனால் இஞ்சினின் பிடி விட்டுப்போகும். முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழும். பிரேக் சூடேறினால் மிதித்தும் பயனில்லை.

"ஏறின கியர்லயே எறங்கோணும். அதான் பழைய ஆளுக சொன்னது" என்றார் டிரைவர் அண்ணன். "அப்பிடி எறங்குனா அரை மணி நேரம் லேட்டாவும். அந்த அரை மணி நேரத்துக்குத்தான் போன் வரும்."

கிருஷ்ணகிரி, ஓசூர்

நள்ளிரவுக்குப் பிறகு கிருஷ்ணகிரி டோல் கேட்டைத் தாண்டி, பெட்ரோல் பங்க் ஒன்றின் ஓரத்தில் வண்டியை ஒடித்து நிறுத்தினார். சீட்டுக்குப் பின்னாலிருந்த பலகையில் அவர் படுத்துக்கொள்ள, எனக்கு முன் சீட். கிளீனர் பையன் தார்ப்பாயின்மேல் ஏறிப் படுத்துவிட்டான். கேபினுக்குள் மாலையிலிருந்து வாங்கிய இஞ்சின் சூடு இறங்கவே இல்லை. 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று சட்டம் வந்திருக்கிறது. இந்த வண்டி அதற்கு வெகு காலம் முந்தியது.

விடியலில் விழித்தபோது பங்க் முழுக்க மாம்பழ வாசனை. பக்கத்தில் இரண்டு லாரிகள், கிருஷ்ணகிரி மண்டி மாங்காய் ஏற்றியவை. அந்த டிரைவர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணைக் கழுவினார்கள். ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார்கள். பழ லோடு அழுகும். அதனால் வாடகை கூட, நேரம் தவறினால் பிடித்தம். "நானும் பத்து வருஷம் தக்காளி ஓட்டினவன்தானுங்க" என்றார் அண்ணன். "தூங்கறதே இல்லை. வெத்தலை, பாக்கு, பீடி, மூஞ்சியில தண்ணி. இப்ப முடியாது."

ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில் கர்நாடகம் தொடங்குகிறது. முன்பெல்லாம் மாநில எல்லை என்றாலே வணிக வரிச் சோதனைச் சாவடியில் மணிக்கணக்கில் வரிசை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அவை எடுக்கப்பட்டன. 2021 பிப்ரவரி முதல் டோலுக்கு ஃபாஸ்டேக் கட்டாயமானது. "அந்தக் காலத்துல இங்கயே சோறாக்கிச் சாப்பிட்டிருக்கறோம்" என்று சிரித்தார். அந்த வரிசை போய்விட்டது. இப்போதைய தடை பெங்களூர் நகரமே. நெரிசல் நேரத்தில் உள்ளே கனரக வண்டி நுழையக் கூடாது. காரில் போகிறவர் மேம்பாலத்தில் ஏறி நகரத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போகலாம். நாங்கள் தனிக் கட்டணம் கட்டி, நைஸ் ரோட்டில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நகரத்தை வளைத்துக்கொண்டு போய்த் தும்கூர் சாலையைப் பிடித்தோம்.

தும்கூர், சித்ரதுர்கா

கியாத்சந்திராவில் தட்டு இட்லி. தங்கை முந்தின நாள் சாப்பிட்ட அதே ஊர். ஒரு தட்டு அகலத்துக்குப் பஞ்சுபோல ஒரே இட்லி, மேலே வெண்ணெய், பக்கத்தில் கெட்டிச் சட்னி. சாம்பாரில் கொஞ்சம் வெல்லம் தட்டுப்பட, கிளீனர் பையன் முகம் சுளித்தான். ஆத்தூர்ப் பையன், பத்தொன்பது வயது. இந்தச் சாலையில் எந்த ஊரில் சாம்பார் இனிக்கும், எங்கே கழிப்பறை சுத்தம், எங்கே லாரியை நிறுத்தினால் டீசல் திருடுவார்கள் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

சிரா, ஹிரியூர் கடந்ததும் பூமி விரிந்துகொண்டே போனது. மழை இன்னும் தொடாத செம்மண், மக்காச்சோளத்துக்கு உழுது போட்ட காடு, குன்றுகளின் முதுகில் வரிசையாகக் காற்றாலைகள். சித்ரதுர்காவின் கோட்டைப் பாறைகள் சாலையிலிருந்தே தெரிந்தன. தங்க நாற்கரத் திட்டம் என்று 5,846 கிலோமீட்டருக்கு நான்கு பெருநகரங்களை இணைத்தார்களே, அதன் சென்னை–மும்பைப் பக்கம் இது. ஆறு வழி, நேர் கோடு. இங்கேயாவது லாரி விரையும் என்று நினைத்தேன். முள் 55-ஐ விட்டு அசையவில்லை.

சரக்கு வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உண்டு. 80-க்கு மேல் ஓடாது. ஆனால் அண்ணனை 55-ல் நிறுத்துவது அந்தக் கருவி அல்ல, டீசல் கணக்கு. இந்த வண்டி லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கொடுத்தால் நல்ல மைலேஜ். பெட்டிபோல நிமிர்ந்த முகத்தோடு காற்றை முட்டிக்கொண்டு போகும் வண்டி இது. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு அதைவிட வேகமாகக் கூடும். 55-லிருந்து 75-க்குப் போனால் மைலேஜ் நான்குக்கு இறங்கிவிடும் என்பது அவர் அனுபவம். முதலாளி கிலோமீட்டருக்கு இத்தனை என்று டீசல் கணக்கு வைத்திருக்கிறார். மிஞ்சினால் படியில் பிடிப்பார்.

மதியத்துக்குச் சற்று முன் தங்கை அழைத்தாள். "எங்கண்ணா இருக்கீங்க? மேப்ல பார்த்தா இன்னும் பத்து மணி நேரம்னு காட்டுது. ராத்திரி வந்துருவீங்களா?" புது வீட்டில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள்; ஒற்றைக் குக்கரில் சமையல். அவள் கேட்டதில் தப்பில்லை. மேப் சொன்னது காரின் கணக்கு. சரக்குக்கு அரசாங்கமே வேறு கணக்கு வைத்திருக்கிறது. ஜவ்வரிசிக்கான இ-வே பில்லை, அதாவது சரக்கோடு போகும் மின்சீட்டை, அண்ணன் எடுத்துக் காட்டினார். 2021 ஜனவரியிலிருந்து சாதாரண லாரிக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதன் செல்லுபடிக் காலம்; அதற்கு முன்பு 100 கிலோமீட்டருக்கே ஒரு நாள். சேலத்திலிருந்து கோலாப்பூர் 800 கிலோமீட்டரைத் தாண்டுவதால் ஐந்து நாள் கொடுத்திருந்தது. பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இந்த பில்லே தேவையில்லை. ஆனாலும் அது ஏறியிருக்கும் வண்டி அதே வண்டிதான்.

சித்ரதுர்காவைத் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. லாரியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தால் முழு அடுப்படி: சின்ன கேஸ் ஸ்டவ், அலுமினியக் குண்டான், அஞ்சறைப் பெட்டி, சங்ககிரி வீட்டில் இடித்த ரசப்பொடி. ஹோட்டலில் மூன்று பேர் சாப்பிட்டால் அன்றைய படி கரைந்துவிடும், வயிறும் தாங்காது. சோறு, தக்காளி ரசம், சுட்ட அப்பளம், தங்கை வீட்டிலிருந்து நான் எடுத்து வந்த மாவடு. சாப்பிட்டதும் அண்ணன் மரத்தடியில் துண்டை விரித்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்ததைக் கவனித்திருப்பார் போல.

"சாப்பிட்ட ஒடனே வெயில்ல இந்த ரோட்ட ஓட்டக் கூடாதுங்க தம்பி. வளைவு இல்ல, மேடு இல்ல. கண்ணு தானா சொருகும். தொப்பூரை விட மோசம்."

தார்வாட், பெல்காம்

தாவணகெரேயில் வெண்ணெய் தோசை சாப்பிட நேரமில்லை. ராணிபென்னூர், ஹாவேரிப் பக்கம் காற்றில் காய்ந்த மிளகாய் நெடி. பக்கத்தில்தான் பியாடகி, நிறத்துக்குப் பேர்போன மிளகாய்ச் சந்தை. ஹூப்ளியில் மேகம் கூடியது. ஹூப்ளிக்கும் தார்வாடுக்கும் இடையிலுள்ள புறவழிச் சாலை, பெருஞ்சாலையின் மற்றப் பகுதியெல்லாம் அகலமான பிறகும், பல ஆண்டுகள் இரு வழியாகவே கிடந்து பல உயிர்களை வாங்கியது. மழையில் அந்தத் துண்டை இருட்டுவதற்கு முன் கடக்க வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்; கடந்தார். பெல்காமுக்கு முந்திய ஒரு தாபாவில் வண்டியைக் கட்டிப்போட்டோம்.

எங்கள் பக்கத்து மழை அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். இங்கே அது குடியிருக்க வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும் சாரல் இரவெல்லாம் தார்ப்பாயில் பெய்துகொண்டே இருந்தது. தாபாவில் சோள ரொட்டியும் கத்தரிக்காய் எண்ணெக்காயும் கொடுத்தார்கள். ரொட்டியை அடுப்பிலிருந்து நேராகத் தட்டில் எறிந்தார் ஓர் அம்மாள். எள்ளுப் பொடியும் தயிரும் எங்களைக் கேட்காமலே வந்தன. தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு, "சேலமா? நாமக்கலா?" என்று தமிழிலேயே கேட்டார். இந்தச் சாலையின் தாபாக்களுக்கு அந்த இரண்டு ஊர்ப் பேரும் தெரியும்.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-ல் வந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்றது. நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்ற விதி ஒன்றும் இருந்தது. 2018-ல் அதை எடுத்துவிட்டார்கள். காகிதத்தில் இருந்த இரண்டாவது டிரைவர் வண்டியில் பெரும்பாலும் இருந்ததில்லை என்பதால் யாரும் பெரிதாக வருந்தவில்லை. கூலி ட்ரிப்புக்கு இத்தனை என்று பேசுவது. சீக்கிரம் முடித்தால் மாதத்தில் இன்னொரு ட்ரிப் கிடைக்கும். எட்டு மணி நேரத்தைச் சொல்லும் சட்டம் ஒரு பக்கம் இருக்க, ட்ரிப் கூலி அதற்கு நேரெதிராக இழுக்கிறது.

"எத்தனை மணி நேரம் ஓட்டுவீங்கண்ணா?" என்று கேட்டேன்.

"பார்ட்டி போன் பண்ற அளவைப் பொறுத்துங்க" என்றார். சிரிக்கவில்லை.

கோலாப்பூர்

நிப்பாணிக்கு முன் தவந்தி காட் இறக்கம். இரண்டாவது கியரில், மழைத் தண்ணீரோடு போட்டியிடாமல் இறங்கினோம். கோக்னோலி டோல் தாண்டியதும் மகாராஷ்டிரம். இரு பக்கமும் கரும்பு, கரும்பு, கரும்பு. ஊர்கள் செழிப்பாக இருந்தன. கூட்டுறவு வங்கிப் பலகை இல்லாத சந்திப்பே இல்லை.

கோலாப்பூர் மார்க்கெட் யார்டுக்குள் நுழைந்தபோது மாலை சாய்ந்துவிட்டது. மூட்டை தூக்குகிறவர்கள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். ஜவ்வரிசி மறுநாள் காலைதான் இறங்கும்.

"நாமே இறக்கிவிடலாமே" என்று கேட்டதற்கு, மண்டிக் குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். இங்கே மூட்டைக்கு முதுகு கொடுப்பவர்கள் மாதாடித் தொழிலாளர்கள். சுமை தூக்குவோருக்கென்று தனிச் சட்டத்தை மகாராஷ்டிரம் 1969-லேயே கொண்டு வந்தது. அண்ணாசாகேப் பாட்டீல் தலைமையில் அவர்கள் போராடிப் பெற்றது அது. பதிவு பெற்ற தொழிலாளிக்கு வாரியம் மூலம் கூலி, வருங்கால வைப்பு நிதி, விடுப்பு. வருகிற லாரிக்காரன் அவசரப்பட்டான் என்பதற்காக வழிப்போக்கனை விட்டு மூட்டை இறக்க முடியாது. சேலத்தில் எங்கள் மூட்டைகளை ஏற்றியவர்களின் முகம் நினைவுக்கு வந்தது. அன்றைய கூலி அன்றைக்கே. நாளை இடுப்புப் பிடித்தால் அவர்கள் பாடு. எங்கள் ஒரு இரவை விழுங்கிய அந்தச் சட்டத்தின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

இரவு யார்டுக்கு வெளியே ஒரு சின்னக் கடையில் மட்டன் தாலி. தாம்படா ரஸ்ஸா செக்கச் சிவந்து மேலே எண்ணெய் மிதக்க வந்தது. பாண்ட்ரா ரஸ்ஸா தேங்காய்ப்பாலும் எள்ளும் சேர்ந்த வெள்ளைக் குழம்பு. சிவப்பைக் குடித்து நாக்கு எரியும்போது வெள்ளையைக் குடிப்பது. கிளீனர் பையன் முதன்முறையாகக் கர்நாடகத்தையும் சேர்த்து மன்னித்தான். அண்ணன் இரண்டு ரொட்டியோடு நிறுத்திக்கொண்டார்.

காலையில் எட்டுப் பேர் வந்தார்கள். கொக்கி போட்டு மூட்டையைச் சாய்த்து முதுகில் வாங்கி, பேசிக்கொண்டே நடந்தார்கள். மண்டிக்காரர் ஒரு பிடி ஜவ்வரிசியை உள்ளங்கையில் உருட்டி, மணியின் வெண்மையை வெளிச்சத்தில் பார்த்துத் தலையசைத்தார். கடைசி மூட்டை போனதும் உள்ளே இருட்டில் தங்கையின் பீரோ தெரிந்தது.

கம்பாட்கி, காத்ரஜ்

பாரம் குறைந்த லாரி சதாரா வரை உற்சாகமாகவே ஓடியது. கராட், சதாரா. சாலையோரம் கந்தி பேடா விற்கும் கடைகள். மழையில் பச்சை பிடித்த தட்டை மலைகளின் தலையில் மேகம் உட்கார்ந்திருந்தது. கம்பாட்கி காட்டில் புனே போகிறவர்களுக்குச் சுரங்கம், புனேயிலிருந்து வருகிறவர்களுக்கு மலையேற்றம். சுரங்கத்தை விட்டு வெளியே வந்த உடன் பாம்புபோல வளையும் இறக்கம் ஒன்று உண்டு. பழகாதவர்கள் அங்கே தடுமாறுவார்கள் என்று சொல்லிக்கொண்டே கியரைக் குறைத்தார்.

புனேவின் வாசலில் காத்ரஜ் புதுச் சுரங்கம். அதைத் தாண்டியதும் சாலை அகலமாக, வழவழப்பாக, நேராக நகரத்தை நோக்கிச் சரிகிறது. கண்ணுக்கு இறக்கமாகவே தெரியாது. அந்தச் சரிவு முடிகிற இடம் நவலே பாலம். 2022 நவம்பரில் கட்டுப்பாடு இழந்த ஒரு கனரக வண்டி அங்கே 48 வாகனங்களை இடித்துத் தள்ளியது. அதற்கு முன்னும் பின்னும் அதே இடத்தில் விபத்துகள். அவற்றைப் பற்றிய பேச்சில் எல்லாம் நியூட்ரல் என்ற சொல் வந்துவிடும். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிக் களைத்து, ஊர் கண்ணில் பட்டு, "வந்துட்டேங்க, அரை மணி நேரம்" என்று போனில் சொல்லியிருக்கும் நேரத்தில் வருகிற இறக்கம் அது.

என் போன் அடித்தது. தங்கைதான். அண்ணன் திரும்பிப் பார்க்காமலே, "பாலம் தாண்டிப் பேசுங்க தம்பி" என்றார். கனரக வண்டிகளுக்கான வேகப் பலகைகள் அடுத்தடுத்து வந்தன. மூன்றாவது கியர். எங்கள் பக்கம் கார்கள் ஹார்ன் அடித்துக்கொண்டே முந்திப் போயின. பாலத்தைத் தாண்டியபின் அழைத்துச் சொன்னேன்.

புனே

வந்து சேர்ந்தோம் என்று சொல்ல முடியாது. நகரத்தின் உட்சாலைகளில் பகலில் கனரக வண்டிக்கு அனுமதி இல்லை. இரவில் நுழையலாம்; ஆனால் இரவில் குடியிருப்பின் கதவு திறக்காது. சாமான் ஏற்றி இறக்குவது காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை, ஞாயிறு கிடையாது, சர்வீஸ் லிஃப்ட் மட்டும், முன்கூட்டிச் செயலாளரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டில் ஒட்டியிருந்தது. நகரம் பகலில் விடாது. குடியிருப்பு இரவில் விடாது. இந்த இரண்டு விதிகளையும் எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் சந்தித்ததில்லை. அவர்கள் நடுவே லாரி புறவழிச் சாலையில் நின்றது.

விடிந்ததும் இரண்டு சின்ன டெம்போ பிடித்து, சாலையோரத்தில் பீரோவை மாற்றி ஏற்றினோம். சேலத்தில் கட்டிய கயிறு அங்கேதான் அவிழ்ந்தது. மெத்தை நனையவில்லை.

தங்கையின் வீடு ஏழாவது மாடி. வெறும் அறைகளில் குரல் எதிரொலித்தது. மருமகள் பாயில் உட்கார்ந்து ஸ்டீல் தட்டில் ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நெய்யில் தாளித்த சாபுதானா கிச்சடி. வறுத்த கடலைப் பொடி, பச்சை மிளகாய், உருளைக்கிழங்கு, மேலே எலுமிச்சை. பக்கத்து வீட்டு அம்மாள் விரதத்துக்குச் செய்தது. சாமான் இன்னும் வராத வீடு என்று ஒரு பாத்திரம் நிறையக் கொடுத்திருக்கிறார். "மாமா, நம்ம ஊரு ஜவ்வரிசி, உப்பு போட்டிருக்காங்க" என்றாள் குழந்தை, புகார் போல. நான் ஒரு வாய் வாங்கினேன். ஒவ்வொரு மணியும் தனித்தனியாக, குழையாமல் நின்றது. அதை ஊற வைக்கும் பக்குவம் நம் ஊரில் எனக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் இல்லை.

"ஏண்ணா இவ்வளவு நாளு?" என்று தங்கை கேட்டாள்.

அவளுக்குச் சொன்ன கணக்கு இது. மாப்பிள்ளையின் கார் ஓடிய நேரம் பதினேழு, பதினெட்டு மணி. எங்கள் லாரியின் சக்கரம் சுழன்ற நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் இருபத்தைந்து மணிக்குச் சற்று மேல் வரும். வித்தியாசம் ஏழெட்டு மணி நேரம்தான். தொப்பூர் மேடும் 55 கிலோமீட்டர் வேகமும் தின்றது அவ்வளவே. மற்றதெல்லாம் நின்ற நேரம். லோடு சேர நின்றது, கயிறும் டயரும் பார்க்க நின்றது, மாதாடித் தொழிலாளிக்கு நின்றது, நகரத்துக்கும் குடியிருப்புக்கும் நின்றது, தூங்க நின்றது.

இதில் லோடு முதலாளி கையில். மண்டி நேரம் மண்டியின் கையில். நகரத்தின் நேரம் போலீஸ் கையில், கேட்டின் நேரம் செயலாளர் கையில். டிரைவரின் கையில் இருப்பவை இரண்டே: இறக்கத்தில் போடும் கியர், ராத்திரித் தூக்கம். "கொஞ்சம் சீக்கிரம் வாங்க" என்று நாம் போன் செய்யும்போது அவரால் குறைக்க முடிந்ததும் அந்த இரண்டைத்தான். அடுத்த தடவை வீடு மாற்றுகிறவர்கள் மேப்பைப் பார்க்காமல் இ-வே பில்லின் கணக்கைப் பார்த்து, அதற்கேற்பப் பாயும் குக்கரும் காரில் எடுத்துப் போவது நல்லது.

சங்ககிரி அண்ணன் அதற்குள் ரிட்டன் லோடு தேடி ஒரு புக்கிங் ஆபீஸுக்குப் போயிருந்தார். மாலையில் அழைத்துப் பார்த்தேன். லோடு படியவில்லை, இரண்டு நாள் ஆகலாம் என்றார். பிறகு, "நல்லாத் தூங்கி எழுந்தேனுங்க" என்றார்.